கழுத்தில் கத்தி, வயிற்றில் வலி

1926இல் சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் கேப்டன் மருத்துவர்களிடம் வந்து சேர்ந்தபோது, ஆறடி தாண்டிய அவர் உடம்பு குட்டையாகிக்கொண்டிருந்தது. கடைசியில் ஏழு அங்குலம் வரை குறைந்துபோனார். எலும்பிலிருந்த கால்சியம் ரத்தத்துக்குப் போய், சிறுநீரகத்தில் கல்லாகப் படிந்தது.

காரணம், கழுத்தில் அரிசிமணி அளவில் இருந்துகொண்டு, ரத்தக் கால்சியத்தை ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கும் பாராதைராய்டு சுரப்பி. பெரும்பாலோருக்கு நான்கு இருக்கும். ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த இவார் சாண்ட்ஸ்ட்ராம் 1880இலேயே மனிதரிடம் இதை விவரித்திருந்தார். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 1925இல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் ஒரு டிராம் ஊழியரின் கழுத்திலிருந்து இதில் வளர்ந்த கட்டியை எடுத்த பிறகே அறுவைக்கு வழி பிறந்தது.

கேப்டனுக்கு அந்த வழியும் சுலபமாக அமையவில்லை. ஆறு முறை அறுத்தும் கட்டி அகப்படவில்லை. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவர் எட்வர்ட் சர்ச்சிலின் சொல்படி, இளம் மருத்துவர் ஆலிவர் கோப் பிணங்களை அறுத்து அந்தச் சுரப்பியைத் தேடிப் பழகினார். நோயாளியோ உடற்கூறு நூல்களைப் படித்துவிட்டு, நெஞ்சைத் திறந்து பாருங்கள் என்று வற்புறுத்தினார். 1932இல் ஏழாவது அறுவையில் கட்டி அங்கேதான் இருந்தது. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தது. ஆறு வாரத்தில் இறந்தார்.

எலும்பையும் கல்லையும் துரத்தியவர்கள் கணையத்தைக் கவனிக்க வெகுகாலம் பிடித்தது. கணைய அழற்சியே பாராதைராய்டு நோய்க்குத் துப்பாகலாம் என்று 1957இல் எழுதியவர்களில் முதன்மையானவர் அதே கோப்தான். மிகுந்த கால்சியம் கணையத்துக்குள்ளேயே செரிமான நொதியை முடுக்கிவிட, அது சொந்தச் சுரப்பியையே அரிக்கிறது என்று கருதப்படுகிறது.

விசித்திரம் என்னவென்றால், கட்டியை எடுத்த பிறகும் சிலருக்குக் கணையம் வீங்கியிருக்கிறது. அபூர்வம்தான். அறுவையில் கை பட்டு ஹார்மோன் கசிந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். முடிந்த முடிவு அல்ல. மயக்க மருந்தின் குமட்டல் என்று இதை ஒதுக்கிவிடுவதும் எளிது. அழற்சியோ கால்சியத்தைக் கீழே இழுக்கும்; அறுவைக்குப் பின் கால்சியம் குறைவது வழக்கம் என்பதால் குழப்பம் இரட்டிப்பு.

மதுவோ பித்தப்பைக் கல்லோ இல்லாமல் கணைய அழற்சி வந்தவர்கள், வலி தணிந்த பின் ஒருமுறை ரத்தக் கால்சியத்தைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அழற்சி நேரத்துப் பரிசோதனையில் அளவு சரியாக இருந்ததென்று விட்டுவிட வேண்டாம்.