செங்கம் சாலையில் வந்த ஹைதர் அலியும் சுடச் சொல்லும் கம்ப்யூட்டரும்



போன வாரம் மதிய இடைவேளையில் ஆரம்பித்த ஒரு சண்டைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். என்.சி.சி.யில் இருக்கும் நண்பன் ஒருவன் சொன்னான்: "இனிமே எல்லைக்கு மனுஷனே தேவையில்லடா. கம்ப்யூட்டரே எதிரியைக் கண்டுபிடிக்கும், கம்ப்யூட்டரே சுடும்."

"கண்டுபிடிச்சது தப்பா இருந்தா?" என்று கேட்டேன்.

"கேமரா, ரேடார், சேட்டிலைட்னு அத்தனையும் இருக்கு. அப்புறம் எப்படிடா தப்பா பாக்கும்?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. அவனுக்கு அன்று சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதில். 1767ல், நம்ம ஊரில் ஆரம்பிக்கிறது.

நம்ம ஊரில் நடந்த போர்

திருவண்ணாமலை என்றால் தீபமும் கிரிவலமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இந்த ஊரின் பெயரில் ஒரு போர் நடந்திருக்கிறது என்பது எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது. முதலாம் ஆங்கில - மைசூர்ப் போரில் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு பக்கம். கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை இன்னொரு பக்கம்.

1767 செப்டம்பர் தொடக்கத்தில் ஸ்மித் செங்கம் கணவாய் வழியாகத் திருவண்ணாமலையை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். செங்கத்தில் ஹைதர் படை மறித்தது. ஸ்மித் அந்தச் சண்டையில் தப்பித்தார், ஆனால் அரிசி மூட்டைகள் பறிபோயின. பசியோடு நடந்து திருவண்ணாமலை வந்து பார்த்தால், ஆற்காட்டு நவாப் சேர்த்து வைத்திருப்பார் என்று நம்பிய தானியம் இங்கே இல்லை! திருச்சியிலிருந்து கர்னல் வுட் வந்து சேர்ந்துகொண்டதுதான் அவருக்குக் கிடைத்த ஆறுதல்.

அந்த மாதக் கடைசியில் இரண்டு படைகளும் மறுபடி மோதின. ஹைதர் - நிஜாம் படையின் முன்னால் ஒரு சேற்று நிலம். நேராகப் போய்த் தாக்க முடியாது. எனவே ஸ்மித் பக்கவாட்டில் சுற்றிப் போகத் தன் படையைத் திருப்பினார்.

ஹைதர் தரப்பு இதைத் தெளிவாகவே பார்த்தது. கம்பெனிப் படை நகர்கிறது, உண்மை. அவர்களிடம் சோறு இல்லை என்பதும் தெரியும், அதுவும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் கூட்டி அவர்கள் எடுத்த முடிவு: "ஸ்மித் ஆற்காட்டுக்கு ஓடுகிறான், விடாதே!" துரத்திக்கொண்டு புறப்பட்டார்கள். நடுவில் இருந்த ஒரு குன்று ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் மறைத்தது. குன்றைச் சுற்றி வந்தபோது, ஓடுகிறான் என்று நினைத்த எதிரி அணிவகுத்து எதிரே நின்றான். பல மடங்கு பெரிய படை தோற்றது. பீரங்கிகளையும் விட்டுவிட்டுப் பின்வாங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது, ஹைதரின் ஒற்றர்கள் எதையும் தவறாகப் பார்க்கவில்லை. பார்த்ததற்குத் தவறான அர்த்தம் கொடுத்தார்கள். நண்பன் கேட்ட கேள்விக்கான பதிலில் முதல் பாதி இதுதான்.

இயந்திரம் தவறியது, மனிதன் நின்றான்

இங்கிருந்து 216 வருடங்கள் தாண்டி ரஷ்யாவுக்குப் போவோம். அதுவும் ஒரு செப்டம்பர் மாதக் கடைசிதான்.

1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ் - 15 என்ற ரகசிய நிலையத்தில் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற அதிகாரி பணியில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து அணு ஏவுகணை கிளம்பினால் செயற்கைக்கோள் மூலம் கண்டுபிடித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் அமைப்பு அது. திடீரென்று எச்சரிக்கை அலறியது. முதலில் ஒரு ஏவுகணை. பிறகு மேலும் நான்கு.

அது மோசமான காலம். அதே மாதம் 1ஆம் தேதிதான் தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்றை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்திருந்தார்கள். எந்த நிமிடமும் போர் வரலாம் என்ற பதற்றம். பெட்ரோவ் கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே மேலே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

அவர் அனுப்பவில்லை. உண்மையிலேயே அணு ஆயுதப் போரைத் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணையோடு தொடங்குவானா என்று யோசித்தார். தரையில் உள்ள ரேடார்களும் எதையும் காட்டவில்லை. பொய் எச்சரிக்கை என்று முடிவு செய்தார். அது சரியாகவும் இருந்தது. உயரமான மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்திருந்தது!

இயந்திரம் சரியாகச் சொன்னது, மனிதன் தவறினான்

"பார்த்தாயா, மனிதன்தான் உசத்தி" என்று இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அது நேர்மையாக இருக்காது.

1988 ஜூலை 3. பாரசீக வளைகுடாவில் வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல். அதில் அன்றைய மிக நவீனமான ஏஜிஸ் கம்ப்யூட்டர் அமைப்பு இருந்தது. ஒரு விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று அது சரியாகவே பதிவு செய்தது. ஆனால் ஈரானியப் படகுகளோடு சண்டையில் இருந்த மாலுமிகள், விமானம் தங்களை நோக்கி இறங்குகிறது, தாக்க வருகிறது என்று நம்பிவிட்டார்கள். ஏவுகணை விட்டார்கள். வந்தது ஈரானியப் பயணிகள் விமானம். 290 பேரும் பலி.

அடுத்தது 2003 மார்ச், ஈராக் போர். அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, திரும்பி வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தை எதிரி ஏவுகணை என்று வகைப்படுத்தியது. கருவியின் முன்னால் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்தான். ஆனால் அவர்களும் அதை நம்பினார்கள். நட்பு நாட்டு விமானிகள் இருவர் இறந்தார்கள்.

நமக்கும் இப்படி ஒரு காயம் உண்டு. பாலாகோட் தாக்குதலுக்கு மறுநாள், 2019 பிப்ரவரி 27 அன்று, ஸ்ரீநகர் அருகே பட்காமில் நம் விமானப்படையின் எம்.ஐ. - 17 ஹெலிகாப்டரை நம்முடைய ஏவுகணையே வீழ்த்தியது. விமானப்படையினர் 6 பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அது பெரிய தவறு என்று அந்த ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தளபதியே ஒப்புக்கொண்டார். அதற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு இல்லை. ஆனால் கேள்வி அதேதான்: வருவது நம்மவனா, எதிரியா? அதுவும் சில நிமிடங்களுக்குள், பதற்றத்தின் நடுவே சொல்ல வேண்டும்.

ஆக, மனிதனும் தவறுவான், இயந்திரமும் தவறும். பெட்ரோவுக்கும் பேட்ரியட் குழுவுக்கும் என்ன வித்தியாசம்? பெட்ரோவ் தன் கருவியைச் சந்தேகப்பட்டார். சந்தேகப்படுவதற்கு அவருக்குச் சில நிமிடங்கள் கிடைத்தன. ரேடார் என்ற இரண்டாவது சாட்சியும் இருந்தது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் கருவியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் வெறும் பொம்மைதான்.

இந்தியாவின் கதை

ஏதோ நேற்று வந்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் இதற்கு நாற்பது வருட வரலாறு இருக்கிறது.

ஜப்பான் 1982ல் ஐந்தாம் தலைமுறைக் கம்ப்யூட்டர் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி நிறுவனமான டார்பா 1983ல் தன் திட்டத்தை அறிவித்தது. இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1986ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மின்னணுவியல் துறை ஓர் ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. நிபுணர்களின் அறிவைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் வேலை அதில் சென்னை ஐ.ஐ.டி.க்குத் தரப்பட்டது. அதே 1986ல்தான் டி.ஆர்.டி.ஓ. பெங்களூரில் செயற்கை நுண்ணறிவு, ரோபோ ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையத்தை அமைத்தது. சுருக்கமாக சி.ஏ.ஐ.ஆர்.

சென்னை ஆவடியில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் 2017ல் முந்த்ரா என்ற ஆளில்லாத கவச வண்டியைக் காட்டியது. கண்காணிப்பு, கண்ணிவெடி தேடுதல், கதிர்வீச்சு உள்ள இடத்தை ஆராய்தல் என்று மூன்று வகை. இதையெல்லாம் யாரும் குறை சொல்ல முடியாது. கண்ணிவெடி மேல் ஒரு ஜவான் காலை வைப்பதைவிட ஒரு வண்டி ஏறுவது எவ்வளவோ மேல். நண்பன் சொன்னதில் இந்தப் பகுதி நூற்றுக்கு நூறு சரி.

2018 பிப்ரவரியில் மத்திய அரசு, ராணுவத்தில் செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆராய ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் டாடா சன்ஸ் தலைவர் என். சந்திரசேகரன். நாமக்கல் மாவட்டம் மோகனூர்க்காரர், திருச்சி ஆர்.இ.சி.யில் எம்.சி.ஏ. படித்தவர். அந்தக் குழுவின் பரிந்துரைப்படி 2019ல் பாதுகாப்பு அமைச்சர் தலைமையில் ஒரு கவுன்சில் வந்தது. ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கவும் முடிவானது. 2022 ஜூலையில் 75 கருவிகளை ஒரே நாளில் வெளியிட்டார்கள். 2023 மார்ச்சில் ஆகாஷ்தீர் என்ற தானியங்கி வான்பாதுகாப்பு அமைப்புக்காக பெல் நிறுவனத்தோடு 1,982 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த மோதலில் அது வேலை செய்தது.

இதற்கான விதிகள் என்ன? ராணுவ ஏ.ஐ. நம்பகமானதா என்று மதிப்பிட ஒரு வழிமுறையை 2024 அக்டோபரில் முப்படைத் தலைமைத் தளபதி வெளியிட்டார். நல்ல தொடக்கம். உலக அளவில் பார்த்தால், தானியங்கி ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. பேச்சுவார்த்தைக் குழுவுக்கு 2017லும் 2018லும் தலைமை வகித்தவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். ஆனால் 2023 டிசம்பரில் இதே விஷயம் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானமாக வந்தபோது 152 நாடுகள் ஆதரித்தன, 4 நாடுகள் எதிர்த்தன. அந்த நான்கில் இந்தியாவும் ஒன்று. ஏற்கனவே ஜெனிவாவில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு மேடை எதற்கு என்பது இந்தியாவின் வாதம்.

எதிரி சும்மா இருப்பானா?

ஹைதர் கதையில் இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. 1767ல் ஏமாந்த அதே ஹைதர் 1769ல் என்ன செய்தார் தெரியுமா? தன் பெரிய படையை ஒரு பக்கம் போகவிட்டு ஸ்மித்தின் கவனத்தைத் திருப்பினார். அவரோ சுமார் 6,000 குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் 130 மைல் பாய்ந்து சென்னை வாசலில் போய் நின்றார். கம்பெனி வேறு வழியில்லாமல் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது.

கம்ப்யூட்டர் பழைய படங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. எதிரியோ நாளைக்கு வேறு வேஷத்தில் வருவான். 1999 கொசோவோ போரில் செர்பியப் படை போலி டாங்கிகளை நிறுத்தி நேட்டோ விமானங்களை ஏமாற்றியது. இயந்திரம் என்ன பார்க்கிறது என்று தெரிந்தால், அதற்கு எதைக் காட்டலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக...

எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது இன்னொரு சம்பவம். 2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானுக்குள் போய் மியான் சன்னு என்ற ஊரில் விழுந்தது. அதில் வெடிகுண்டு இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. விசாரணை நடந்து மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்றைக்கு எதிர்ப்பக்கம் ஒரு கம்ப்யூட்டர், "ஏவுகணை வருகிறது, திருப்பி அடி" என்று தானாகவே முடிவெடுத்திருந்தால்? தவறு நடந்தபோது மூன்று மனிதர்களைக் கேள்வி கேட்க முடிந்தது. கம்ப்யூட்டர் தவறினால் யாரைப் பணிநீக்கம் செய்வது?

அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்க, சீன அதிபர்கள் 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டார்கள். பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே சொல்லிக்கொள்ள நமக்கும் பாகிஸ்தானுக்கும் 2005லேயே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. எத்தனை சண்டை வந்தாலும், அதோடு இந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ள முடியாதா? இதை எழுதப் பணம் தேவையில்லை. மனசுதான் வேண்டும்.

நண்பா, உனக்கு என் பதில் இவ்வளவுதான். கருவி வேண்டும். கண்ணாக, காதாக, கண்ணிவெடி மேல் போகிற காலாக அது இருக்கட்டும். ஆனால் "ஓடுகிறானா, சுற்றி வருகிறானா" என்று யோசிக்க ஒரு மனிதனும், அவன் யோசிக்கச் சில நிமிடங்களும், அவனை நாளைக்குக் கேள்வி கேட்க ஒரு சட்டமும் வேண்டும்.

நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் ஏறினால் அது செங்கம் வழியாகத்தான் போகும். ஸ்மித் பசியோடு வந்ததும், ஹைதர் அவரைத் துரத்தி வந்ததும் அந்தத் திசையிலிருந்துதான். பஸ் போய்ச் சேரும் பெங்களூரில்தான் சி.ஏ.ஐ.ஆர். இருக்கிறது. நம் வகுப்பிலிருந்து யாராவது ஒருவர் ஒருநாள் அந்த பஸ்ஸில் ஏறி அங்கே வேலைக்குப் போகலாம். போகிறவர் செங்கம் தாண்டும்போது ஜன்னல் வழியாக அந்தக் குன்றுகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

என்.சி.சி. நண்பனின் மறுப்பையும், மற்றவர்களின் கருத்துகளையும் எதிர்பார்க்கிறேன். தவறு இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.