பள்ளிக்கூடத்து நிலம் யாருடையது?



சில மாதங்களுக்கு முன் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. கூடுதலாக இரண்டு வகுப்பறைகள் கட்ட வேண்டும். நன்கொடை தர நல்லுள்ளங்கள் முன்வந்திருந்தன. வரைபடமும் ஆயத்தமாக இருந்தது. அப்போது பெரியவர் ஒருவர் எழுந்து, “நெலம் நம்ம பேர்ல இல்லையே, கட்ட விடுவாங்களா?” என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. முதலாம் ஆண்டு மாணவனின் தாயார் ஒருவர் என்னைப் பார்த்து, “இது அரசாங்கப் பள்ளிதானே டீச்சர்? ஒங்களுக்குச் சம்பளம் அரசாங்கம்தானே கொடுக்குது? அப்புறம் நெலம் மட்டும் எப்படிக் கம்பெனியோடதா இருக்கும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்று என்னால் ஒரு வரியில் விடை சொல்ல இயலவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கல்வி வரலாறு படித்தபோது 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையையும் 1960-ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கையையும் மனனம் செய்தோம். பள்ளி நிற்கும் மண்ணைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படித்ததாக நினைவில்லை. அந்தத் தாயாருக்கு நான் கடன்பட்டிருக்கும் விடையே இக்கட்டுரை.

கங்கார் என்னும் பெயர்

நம் ஜொகூரில் கங்கார் பூலாய் என்றோர் ஊர் உண்டு. அங்கே தமிழ்ப்பள்ளியும் உண்டு. ‘கங்கார்’ என்பது சீனச் சொல். 1844-ஆம் ஆண்டு முதல் தெமெங்கோங் இப்ராகிம், ஆற்றுப் படுகைகளைச் சீனத் தலைவர்களிடம் ‘சூராட் சுங்கை’ என்னும் ஆவணத்தின் மூலம் ஒப்படைத்தார். அவ்வாறு ஆற்றைப் பெற்றவர் ‘கங்சூ’ எனப்பட்டார். அவர் காடழித்து மிளகும் கம்பிரும் பயிரிட ஆள்களைக் கொண்டுவந்தார். அதோடு நிற்கவில்லை. வரி வாங்குவது, ஒழுங்கு காப்பது, அபின், மது, சூதாட்டம் ஆகியவற்றை ஏகபோகமாக நடத்துவது போன்ற உரிமைகளும் அவர் கைக்கே வந்தன. அரசுக்கு வருமானம், வணிகருக்கு அதிகாரம். இம்முறை 1917-ஆம் ஆண்டில்தான் சட்டத்தின் வழி ஒழிக்கப்பட்டது.

இதை ஏன் சொல்கிறேன்? அரசு தன் கடமையைத் தனியார் முதலாளியிடம் ஒப்படைப்பதும், அதற்கு ஈடாகத் தன் அதிகாரத்தில் ஒரு பங்கைத் தருவதும் ஜொகூர் மண்ணுக்குப் புதியவை அல்ல என்பதை உணர்த்தவே. கங்சூ போனார், துரை வந்தார்.

ரப்பரும் இரயிலும்

1909-ஆம் ஆண்டில் ஜொகூர் இரயில் பாதை நிறைவு பெற்றது. கிம்மாஸ் தொடங்கிச் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வழியாக ஜொகூர் பாரு வரை காடு திறந்துகொண்டது. அடுத்த ஆண்டே இலண்டன் சந்தையில் ரப்பர் விலை இராத்தலுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியது. அரசு போட்ட பாதையின் இரு மருங்கிலும் பால் மரம் நட்டவை பெரும்பாலும் பிரிட்டிஷ் கம்பெனிகள். 1914-இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றுக்கொண்ட பின்னர் ஜொகூர் ஆட்சியிலும் அவர்களின் செல்வாக்கு ஓங்கியது.

நிலம் கிடைத்தது. ஆள் வேண்டுமே! 1907-ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களிலும் கூட்டு மலாய் மாநிலங்களிலும் குடியேற்ற நிதி ஒன்று சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் அனைவரும் அதற்கு வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து தமிழகத்திலிருந்து வருவோரின் கப்பல் செலவும், முகாம் செலவும், கங்காணிகளின் ஆள்கட்டு ஊதியமும் கொடுக்கப்பட்டன. நிதியை நிருவகித்த குழுவில் அரசு அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். பின்னாளில் அதே குழுதான் இந்தியத் தொழிலாளியின் ‘நிலைச் சம்பளம்’ எவ்வளவு என்பதையும் வகுத்தது. சம்பளம் கொடுப்பவரே சம்பளத்தை வகுக்கும் குழுவிலும் இருந்தார் என்பதை நினைவிற் கொள்க.

விலை விழுந்தபோதும் இதே உறவு துணை நின்றது. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டத்தின் வழி அரசே ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்கிப் பிடித்தது. 1930-களின் பெருமந்தத்தில் தொழிலாளரின் ஐம்பது காசு நாள் சம்பளம் நாற்பதாகக் குறைந்து, பின் அதற்கும் கீழே இறங்கியது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். முதலாளியின் இலாபத்திற்கு அரசின் காப்பு இருந்தது. தொழிலாளியின் வயிற்றுக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை. 1938-இல் மீண்டும் சம்பளத்தைக் குறைக்க முனைந்தபோது இந்திய அரசு உதவியுடனான ஆள் அனுப்புதலை அறவே நிறுத்தியது.

பத்துப் பிள்ளைகள்

இனி நம் பள்ளிக்கு வருவோம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் தோட்டத்தில் இருந்தால் அங்கே பள்ளி அமைக்க முதலாளியைப் பணிக்கலாம் என்றது. நம்மில் பலருடைய பள்ளிகளின் பிறப்புச் சான்றிதழ் இந்த விதிதான்.

இதைக் குறைத்து மதிப்பிடலாகாது. அவ்விதி இல்லையேல் பல தோட்டங்களில் எழுத்தே நுழைந்திருக்காது. ஆயினும் அது கல்விச் சட்டத்தில் எழுதப்படாமல் தொழிலாளர் சட்டத்தில் எழுதப்பட்டதைக் கவனியுங்கள்! குடிநீர், மருந்தகம், ஆயாக் கொட்டகை ஆகியவற்றைப் போலவே பள்ளியும் முதலாளி தொழிலாளிக்குச் செய்துதர வேண்டிய வசதிகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. பிள்ளையின் உரிமை என்ற எண்ணமே அதில் இல்லை. அரசு தலைக்கு இவ்வளவு என்று சிறு மானியம் தந்தது. கட்டடமும் இடமும் தோட்டத்தினுடையவை. லயத்து வீடொன்றிலோ பழைய கொட்டகையிலோ வகுப்பு நடந்தது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோ படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியராகவும் இருந்தார். படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. பிள்ளை அதற்கு மேல் படித்தால் வெட்டுக்கத்தியைத் தொடமாட்டான் என்பது துரைமார்க்குத் தெரியாததன்று.

இந்தியாவிலும் இதன் நிழலைக் காணலாம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேற்பட்டால் முதலாளி கல்வி வசதி செய்துதர வேண்டும் என்று மாநில அரசுகள் விதி வகுக்க இடமளித்தது. இலங்கை மலையகத்தில் நிலை வேறு வழியில் மாறியது. தேயிலைத் தோட்டங்கள் 1970-களில் நாட்டுடைமையான பின்னர் தோட்டப் பள்ளிகளையும் அரசு படிப்படியாகக் கையேற்றது.

முதலாளி மாறினார், பட்டா மாறவில்லை

1957-இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. கல்வி மத்திய அரசின் பொறுப்பானது. ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் அரசிடம் வந்தன. நிலமோ மாநில அதிகாரத்திற்கு உட்பட்டது. பள்ளி நின்ற இடம் கம்பெனியின் பட்டாவிலேயே தங்கிவிட்டது. எனவேதான் ‘முழு உதவி பெறும் பள்ளி’, ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என இரு பிரிவுகள் உண்டாயின. அரசு நிலத்தில் உள்ளதற்கு முழு உதவி. தனியார் நிலத்தில் உள்ளதற்கு ஆசிரியர் சம்பளம் உண்டு. கட்டடம் எழுப்பவும் பழுது பார்க்கவும் பள்ளி வாரியமும் பெற்றோரும் கையேந்த வேண்டும், அல்லது அவ்வப்போது வரும் சிறப்பு மானியத்திற்குக் காத்திருக்க வேண்டும். இன்று எஞ்சியுள்ள ஏறத்தாழ 530 தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை.

1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் பல தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தனர். அதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் வாழ்வு என்பதை அப்பெருமகனார் உணர்ந்திருந்தார்.

பின்னர் வந்த திருப்பம் விந்தையானது. 1981 செப்டம்பர் 7-ஆம் நாள், பெர்மோடாலான் நேஷனல் என்னும் அரசு முதலீட்டு நிறுவனம் இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள் கத்ரி கம்பெனியைத் தன்வயப்படுத்தியது. ஜொகூரில் 1920-களிலேயே செம்பனை பயிரிட்ட பழம்பெரும் கம்பெனி அது. 2007-இல் அது சைம் டார்பியுடன் இணைந்தது; 2024-இல் அத்தோட்டப் பிரிவு மீண்டும் எஸ்.டி. கத்ரி என்ற பெயர் பூண்டது. நம் மாநிலத்தின் ஜொகூர் கார்ப்பரேஷனும் குலிம் நிறுவனத்தின் வழி பெருந்தோட்டங்களை உடைமையாக்கிக்கொண்டது.

துரையின் தோட்டம் நாட்டினுடையதானது மகிழ்ச்சியே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அரசு நிறுவனங்களே பெரும் பங்குதாரர்களாக உள்ள கம்பெனியின் நிலத்தில் நிற்கும் பள்ளியும், அதே அரசின் கல்வி அமைச்சுக்குத் ‘தனியார் நிலப் பள்ளி’தான்! வலக்கை வைத்திருக்கும் நிலத்தை இடக்கை கேட்க முடியாத நிலை இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், பொதுநோக்கத்திற்காக மாநில அரசு நிலம் எடுக்க அப்போதே வழி வகுத்திருந்தது. 1991-இல் செய்த திருத்தம், பொருளாதார மேம்பாட்டிற்கு நன்மை பயக்கும் எனக் கருதினால் தனியாருக்காகவும் நிலம் எடுக்கலாம் என விரிந்தது. பெருந்திட்டங்களுக்கு நூற்றுக்கணக்கான ஏக்கரை எடுத்துக்கொடுக்க வல்ல சட்டத்தால் ஒரு பள்ளிக்கு இரண்டு மூன்று ஏக்கரை எடுத்துக்கொடுக்க இயலாதா? சட்டம் இடம் தருகிறது. கேட்கும் குரல்தான் மெலிவாக இருக்கிறது.

நாம் செய்யக் கூடியது

2006-இல் இஸ்கந்தார் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் தென் ஜொகூரில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும் வேகம் கூடிவிட்டது. மவுண்ட் ஆஸ்டின் இன்று பெருநகர்ப் பகுதி. பள்ளியின் பெயரில் மட்டும் ‘தோட்டம்’ இன்னும் இருக்கிறது. மரம் நின்ற காலத்தில் பள்ளி நிலத்தின் விலை யார் கண்ணையும் உறுத்தவில்லை. இனி உறுத்தும்.

ஆகவே உங்கள் பள்ளி நிலம் யார் பெயரில் உள்ளது என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். அதற்கான கட்டணம் ஒன்றும் பெரிதன்று. கிடைத்த விவரத்தைப் பள்ளி வாரியக் கோப்பில் வையுங்கள். தலைமையாசிரியர் மாறுவார், வாரியத் தலைவர் மாறுவார், கோப்பு இருக்கும். தேர்தல் காலத்தில் சாயத்திற்கும் கூரைக்கும் மானியம் கேட்பதற்கு முன், நிலத்தைப் பொதுநோக்க நிலமாக ஒதுக்கக் கேளுங்கள். கூரை பத்தாண்டு, பட்டா தலைமுறை.

அந்தத் தாயாருக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும்: “அம்மா, அன்றைய அரசாங்கம் நம் பிள்ளைகளின் படிப்பைக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. விடுதலைக்குப் பின் படிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நிலத்தைப் பெற மறந்துவிட்டது. நினைவூட்ட வேண்டியவர்கள் நாம்தான்.”

அடுத்த கூட்டத்தில் இதையே முதல் பொருளாக வைக்க எண்ணியுள்ளேன். உங்கள் பள்ளியிலும் வையுங்கள்.

அன்புடன்,
ஜொகூரிலிருந்து ஓர் ஆசிரியை