புள்ளி, கம்பி, கோட்: கோலத்துக்கு இலக்கணம் எழுதிய தாம்பரம்

இன்னிக்கு எபிசோட் ஒரு புது வித்தையில ஆரம்பிச்சு, 1970களின் தாம்பரத்துக்குப் போகுது.

வித்தை இதுதான். ஒயிட்போர்டுல ஒரு கிளவுட் ஆர்க்கிடெக்சர் வரையறோம். மேல லோட் பேலன்சர், நடுவுல மூணு சர்வர், கீழ ஒரு டேட்டாபேஸ், இடையில அம்புக்குறிகள். அதை போட்டோ எடுத்து ஒரு ஏஐ மாடல்கிட்ட கொடுத்தா டெர்ராஃபார்ம் கோட் வந்து விழுது. ஆனா, ஒரு படத்தை எப்படி விதிகளா மாத்துறதுங்கிற கேள்வி ரொம்பப் பழசு. அதோட வரலாறுல ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம வாசல்ல இருந்துதான் வந்தது.

முதல்ல ஒரு சின்ன வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கலாம். இந்தப் பதிவு கொல்லிமலையில நடக்கிறதால இங்க இருந்தே உதாரணம். காரவள்ளி அடிவாரத்துல இருந்து மேல வர 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. அந்த ரோட்டை மேப்பா வரையலாம். முழு வடிவமும் ஒரே பார்வையில தெரியும். இல்லன்னா, "நேரா போ, வலது பக்கம் வளை, நேரா போ, இடது பக்கம் வளை"ன்னு பட்டியலாவும் சொல்லலாம். முதலாவது வடிவம், ரெண்டாவது செயல்முறை. இன்ஃப்ராஸ்ட்ரக்சர் படத்துக்கும் கோடுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியும் கிட்டத்தட்ட இதுதான்.

1950களில் நோம் சாம்ஸ்கி, சில விதிகளை வெச்சே கணக்கில்லாத வாக்கியங்களை உருவாக்கலாம்னு கணித முறையில காட்டினார். புரோகிராமிங் மொழிகளோட இலக்கணமெல்லாம் அந்த வழியில வந்ததுதான். ஆனா வாக்கியம் ஒரே கோட்டுல போகும். படம் ரெண்டு திசையில விரியுமே, அதுக்கு எப்படி இலக்கணம் எழுதறது?

இந்தக் கேள்வியைக் கையில எடுத்தவங்கள்ல, தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் முக்கியமானவங்க. புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவியும் கணிதப் பேராசிரியருமான ராணி சிரோமணி, அவங்களோட கமலா கிருத்திவாசன். 1972-ல் இவங்க வெளியிட்ட ஆய்வுல ஒரு அழகான வழி இருக்கு. முதல்ல கிடைமட்டமா ஒரு வரிசை உருவாகும். அப்புறம் அந்த வரிசையில இருக்கிற ஒவ்வொரு குறியில இருந்தும் ஒரு நெடுவரிசை கீழ்நோக்கி வளரும், எல்லாம் ஒரே நேரத்துல. 1974-ல் இந்த மூணு பேரும் எழுதின அடுத்த ஆய்வோட தலைப்பிலேயே கோலம் வந்துடுச்சு: 'அரே கிராமர்ஸ் அண்ட் கோலம்'. ஒரு சர்வதேச கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இதழ்ல அது வெளியானது.

ஏன் கோலம்? கோலம் போடுறவங்க ஏற்கெனவே ஒரு வகை கோட் பேசிட்டு இருந்தாங்க. "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி." இதைக் கேட்டா போதும். நடு வரிசையில 15. மேலயும் கீழயும் 14, 13 என்று குறைஞ்சு 8-ல் நிற்கும். கூட்டிப் பாருங்க, மொத்தம் 169 புள்ளி. அத்தனையும் ஒரே வரியில அடங்கிடுது. "17 புள்ளி, 9 வரை"ன்னு மாத்தினா அதே அமைப்பு பெருசாகும். யாரும் 169 புள்ளியைப் படம் பார்த்து ஒவ்வொண்ணா காப்பி பண்றதில்லை.

ஆனா அந்த ஒரு வரி புள்ளியை மட்டும்தான் சொல்லுது. கம்பி எப்படிப் போகணும்னு சொல்றதில்லை. 1980களில் சிரோமணி தம்பதி கம்பிக் கோலத்தை ஆராய்ந்தப்போ கவனிச்சது அதைத்தான். கை எங்கே நேரா போகுது, எங்கே திரும்புது, எங்கே புள்ளியைச் சுத்தி வளையுதுன்னு பார்த்து, அந்த அசைவுகளோட தொடரா கோலத்தை எழுதினாங்க. முடிஞ்ச படத்தை விட்டுட்டு, அதைப் போடுற முறையைப் பிடிச்சாங்க.

இப்போ கிளவுடுக்கு வருவோம். 2011-ல் அமேசான் 'கிளவுட்ஃபார்மேஷன்' கொண்டு வந்தது. வேணுங்கிற சர்வர், நெட்வொர்க் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதிக் கொடுத்தா அது உருவாக்கிக் கொடுக்கும். 2014-ல் ஹாஷிகார்ப் நிறுவனத்தோட டெர்ராஃபார்ம் வந்தது. 2015-லேயே அமேசான், பெட்டிகளை இழுத்துப் போட்டா டெம்ப்ளேட் எழுதித் தர்ற ஒரு டிசைனரையும் வெளியிட்டது. அப்போ பெட்டிகளை அந்தக் கருவிக்குள்ளேயே வரையணும். இப்போ கையால கிறுக்கின படமே போதும்.

சிக்கலும் அங்கதான் ஆரம்பிக்குது. படத்துல சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. எந்த போர்ட்? யாருக்கு அனுமதி? பேக்கப் எத்தனை நாளைக்கு? படம் இதையெல்லாம் சொல்லலை. ஆனா கோட் ஏதாவது ஒண்ணைச் சொல்லியே ஆகணும். நாம சொல்லாம விட்டதை மாடல் தன் யூகத்தால நிரப்பிடும். அந்த யூகம், இணையத்துல இருக்கிற யார் வேணும்னாலும் உள்ளே வரலாம்னு ஒரு கதவைத் திறந்து வெச்சா, வெளியே போறது நம்மளை நம்பி ஃபோன் நம்பரும் ஆதாரும் கொடுத்தவங்களோட தகவல். டயக்ராம் அப்பவும் அதே அழகோடதான் இருக்கும்.

அதனால இந்த டூல் கொடுக்கிற கோடுக்கு நான் வைக்கிற முதல் டெஸ்ட் தாம்பரத்துல இருந்து எடுத்தது. மூணு சர்வரை நாலாக்கணும்னா ஒரு எண்ணை மாத்தினா போதுமா, இல்ல ஒரு பிளாக்கையே காப்பி பண்ணி ஒட்டணுமா? முதலாவதுன்னா, படத்துக்குப் பின்னால இருக்கிற விதி கிடைச்சிருக்கு. ரெண்டாவதுன்னா, கிடைச்சது வெறும் போட்டோதான். ரெண்டாவது டெஸ்ட், கோட்ல இருந்து படத்துல இல்லாத வரிகளை மட்டும் தனியா எடுத்துப் படிக்கிறது. ரிவியூக்கு ஒதுக்கின நேரத்துல பெரும்பகுதியை அந்த வரிகளுக்கே கொடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.