புக்கிட் பிரேசரின் இரவுவலைக் கணக்கும் சுங்கை பாக்காப்பின் வெற்றுப் பக்கமும்

வலசைப் பறவைகள் கட்டடங்களில் மோதி விழுவதை உயர்மாடி நகரங்களின் சிக்கலாகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பினாங்கில் பேச்சு எழுந்தால் அது கொம்தார் கோபுரத்தோடு நின்றுவிடுகிறது. நான் அறிந்தவரை பெருநிலப்பக்கத்துச் சுங்கை பாக்காப்பில் செத்த பறவைகளின் பதிவு இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை என்று கொள்ளப்படுகிறது. இந்த முடிவு, பழைய சான்று ஒன்றை நேர்மாறாக வாசித்ததன் விளைவு என்பதே என் வாதம்.

அச்சான்று மலைவாசத்தலமான புக்கிட் பிரேசரின் இரவுவலைக் கணக்கு. 1960களிலிருந்து பறவையியலாளர் டேவிட் வெல்ஸ் முதலியோர் அங்கு விளக்கொளிக்கு வந்த பறவைகளை வலையில் பிடித்து வளையமிட்டனர். பிடிபட்டவற்றின் மிகுதியைக் கொண்டு, வலசையின் பெருவழி தித்திவாங்சா மலைத்தொடரே என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் வலை நிறைந்தது எப்போது? நிலவற்று, மூடுபனி இறங்கிய இரவுகளில். வானம் தெளிந்த இரவுகளில் அதே விளக்கு, அதே வலை, அதே பருவம். பறவைகளோ மிகச் சில. வலசை அந்த இரவுகளில் நின்றுவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பறவைகள் தலைக்குமேல் கடந்திருக்கின்றன, இறங்கவில்லை. அப்படியானால் இக்கணக்கு அளப்பது பாதையை அன்று. பனி, இருள், ஒளி மூன்றும் கூடிய தருணத்தை. நான்காவதாக ஒன்றும் வேண்டும்: விழுந்ததை எடுத்துக் குறித்துவைக்க ஓர் ஆள். புக்கிட் பிரேசரில் ஆள் இருந்தார். சுங்கை பாக்காப்பில் அப்படித் தொடர்ந்து குறித்தவர் எவரையும் நான் அறியேன்.

மலைப்பனி தாழ்நிலத்துக்குப் பொருந்தாது எனலாம். சிங்கப்பூரில் மலையில்லை, ஆயினும் மோதல் பதிவுகளில் ஆறுமணிக்குருவியின் இனத்தவை முன்னிற்கின்றன. அங்கே கோபுரங்கள் உண்டே என்றால், சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸைப் பார்க்கலாம். 2023 அக்டோபர் 5 அன்று ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் மடிந்தது வானுயர் கோபுரத்தின் கீழன்று. ஏரிக்கரையில் அகன்று தாழ்ந்து கிடக்கும் கண்ணாடிக் கட்டடத்தின் கீழ். ஒளிவிடும் சன்னல்கள் குறைந்த இரவுகளில் அங்கு சாவும் குறைந்தது என்பது முன்னரே தெரிந்திருந்தது.

நீலச்சிறகு ஆறுமணிக்குருவியின் நடத்தையும் உயரம் தேவையில்லை என்பதையே காட்டுகிறது. பச்சை முதுகும் கறுப்பு முகமூடியும் குட்டை வாலும் கொண்ட இப்பறவை இரவில் பயணம் செய்து, பகலில் தரையில் தத்தி இரை தேடுவது. ஒளி அதை இரவில் இறக்குகிறது. விடிந்தபின் புதரிலிருந்து புதருக்குத் தாழப் பறக்கையில் கண்ணாடி கொல்கிறது. இந்த இரண்டாம் கட்டத்துக்கு ஒரு மாடிக் கட்டடமே போதும். பயணக் களைப்பால் விழுந்தவையும் இருக்கும். களைத்தது ஏன் விளக்கடியிலேயே விழ வேண்டும் என்பதற்கு அவ்விளக்கத்தில் பதிலில்லை.

சுங்கை பாக்காப்பில் எத்தனை பறவைகள் விழுகின்றன என்று நான் கூறவில்லை. பதிவின்மையைச் சான்றாக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்கிறேன். பத்து காவான் தொழிற்பேட்டையின் ஒளி அருகிலிருக்க, அக்டோபர், நவம்பரில் நிலவற்ற இரவுகளுக்கு மறுநாள் காலை ஆலை, பள்ளிச் சுவரோரங்களை முறையாகப் பார்த்து, எதுவும் கிடைக்காத நாள்களையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். அந்தச் சுழியங்கள் மட்டுமே சான்றாகும்.