சாபம் எனும் சங்கிலி

வாளுக்கு அஞ்சாத வீரனும் சொல்லுக்கு அஞ்சுவதுண்டு. அந்தச் சொல்லின் பெயர் சாபம்!

மாந்தர்மீது கிடந்த சாபத்தை இயேசு சிலுவையில் தாமே ஏற்றார் என்று கலாத்தியருக்கு எழுதிய மடலில் பவுல் உரைத்தார். பாவநிவர்த்தி எனக் கிறித்தவர் போற்றும் கொள்கையின் ஒரு கிளை அது. ஆப்பிரிக்கா சென்ற பாதிரிமார் பலர் பாவ மன்னிப்பை விரித்துரைத்தனர். ஊராரை உறங்கவிடாத சாப அச்சத்தையோ அறியாமை என்று ஒதுக்கினர். ஒதுக்கினால் ஒழிந்துவிடுமா அச்சம்?

அதை உணர்ந்தவர் லைபீரியாவின் கிரெபோ இனத்தவரான வில்லியம் வேட் ஹாரிஸ். 1913-இல் வெள்ளங்கி தரித்து, மூங்கிற் சிலுவை ஏந்தி, ஐவரி கோஸ்ட் கடற்கரையில் நடந்தார். மந்திரப் பொருள்களைத் தீயிலிட்டோர்க்கு அன்றே திருமுழுக்கு அளித்தார். பாதிரிமாரோ நெடுநாள் பாடம் கேட்டபின்பே அளிப்பர். பழைய காவலை எரித்துவிட்டுப் புதிய காவலின்றி நிற்பவன், பழிவாங்கும் ஆவிகளுக்கு அஞ்சித் திரும்பிவிடுவான் என்பதை அறிந்தவர் ஹாரிஸ். ஓரிலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவர்வழி வந்தனர். வெகுண்ட பிரெஞ்சு ஆட்சி 1915-இல் அவரை நாடு கடத்தியது.

அச்சம் அன்று தணிந்தது, அழிந்ததா? நைஜீரியாவின் பெனின் நகரைப் பார்ப்போம். தேவாலயம் செல்லும் இளம்பெண்களைப் பெண் வணிகர் பூசாரிகளிடம் அழைத்துச் சென்றனர். மயிரும் நகமும் வாங்கி, கடனை அடைக்காவிடில் பித்தும் சாவும் வருமெனச் சத்தியம் செய்வித்து, இத்தாலிக்கு அனுப்பினர். அங்கே காவலுக்கு ஆள் வேண்டியதில்லை; அச்சமே காவல்! 2016-இல் மட்டும் 11,000 நைஜீரியப் பெண்கள் கடல்வழி இத்தாலி சேர்ந்தனர். அவருள் மிகப் பெரும்பாலோர் இவ்வணிகத்திற்கு இரையாகியிருக்கக் கூடியவர் என்று பன்னாட்டு இடம்பெயர்வு அமைப்பு மதிப்பிட்டது.

2018 மார்ச்சில் பெனின் மன்னர் இரண்டாம் எவாரே பூசாரிகளைக் கூட்டி, அச்சத்தியங்கள் செல்லா என அறிவித்தார். பெண்கள் சிலர் கடன் கட்ட மறுத்தனர். சிலுவைச் செய்தி கேட்டும் அகலாத அச்சம், மன்னர் வாய்மொழியால் அகன்றது! ஆனால் அதே அவையில், மீறுவோர்மீது மன்னர் புதுச் சாபமும் இட்டார். சொல்லால் திறந்த பூட்டு, நாளை மற்றொரு சொல்லால் பூட்டப்படாதா?

சாபத்தைச் சுமந்தவர் உண்டு என்போரும், சாபமே இல்லை என்போரும் ஒன்றை உணர வேண்டும். அஞ்சுகிறவளை எள்ளுவதால் விலங்கு அறாது. அவளருகே அமர்ந்து, அவள் அச்சத்தைக் கேட்டு, அந்த அச்சத்தால் ஆதாயம் அடைபவன் யார் என்று காட்ட வேண்டும். அதை அவள் கண்ட நாளே விடுதலை நாள்!