திறந்த குறியும் மூடிய குறியும்



இன்று சுபாங் ஜெயா என்று நாம் அழைக்கும் நகரம் ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். பால்மரங்கள் நின்ற அந்த மண்ணில் 1970-களில் வீடமைப்பு வேலை தொடங்கிற்று. 2020-இல் அவ்வூர் மாநகரத் தகுதியும் பெற்றது. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் அங்கே நடைபெறுகிறது. நம் பிள்ளைகள் சிலர் அவ்வூர்க் கல்லூரிகளில் கணினி நிரல் எழுதப் படிக்கிறார்கள். அவர்களை அடிக்கடி திணற வைக்கும் ஒரு சிறு குறியின் வரலாற்றை இன்று காண்போம். அதுதான் மேற்கோள் குறி.

ஒரு மாணவி, பள்ளி விளையாட்டு விழாவுக்கு நான்கு வரி அழைப்பை அச்சிடும் நிரலை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நிரல் எழுத உதவும் எடிட்டர் என்னும் மென்பொருள், கட்டளைகளை ஒரு நிறத்திலும் அழைப்பின் சொற்களை வேறு நிறத்திலும் காட்டும். திடீரென்று அழைப்புக்குக் கீழேயுள்ள கட்டளைகள் அத்தனையும் சொற்களின் நிறத்துக்கு மாறிவிடுகின்றன. தன் பிழை என்று எண்ணி எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுதுகிறாள். மறுபடியும் அதே கோளாறு. பிழை அவளுடையதா, எடிட்டருடையதா?

நிரலில் கணினிக்கு இடும் கட்டளையும் உண்டு. மனிதர் படிக்க வேண்டிய சொற்களும் உண்டு. இரண்டாவதைச் 'சரம்' என்பார்கள். சரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணினிக்குச் சொல்லியாக வேண்டும். நம் முன்னோர் ஓலைச்சுவடியில் மேற்கோள் குறி இட்டதில்லை. ஒருவர் பேச்சு முடிந்ததை 'என்று', 'என' என்னும் சொல்லே காட்டிவிடும். தொடக்கத்தைப் படிப்பவர் பொருளறிந்து கண்டுகொள்வார். கணினிக்குப் பொருள் தெரியாதே!

1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட போர்ட்ரான் மொழியில் இதற்கு எழுத்தை எண்ணும் முறை இருந்தது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் என்றால், முன்னால் 5 என்ற எண்ணையும் எச் என்ற எழுத்தையும் இடவேண்டும். துளை அட்டைகளைக் கொண்டு கணக்கிடும் பொறியை உருவாக்கிய ஹொலரித் என்பவரின் பெயரின் முதலெழுத்து அது. ஆறு என்று தவறி எழுதினால், பக்கத்திலிருக்கும் கட்டளையில் ஓர் எழுத்தைச் சரம் விழுங்கிவிடும். இந்தத் தொல்லையினால் பிறகு வந்த மொழிகள் இருபுறமும் குறியிடும் முறைக்கு மாறின. சி மொழியில் சரம் அதே வரியில் முடியவேண்டும் என்பது விதி. கண்டிப்பான விதிதான், ஆனால் மூட மறந்தால் அந்த வரியிலேயே பிடிபட்டுவிடும்.

1991-இல் வெளிவந்த பைத்தான் மொழியிலோ மும்மூன்று குறிகளால் திறந்து, பல வரிகள் எழுதி, அதே மூன்று குறிகளால் மூடும் முறை பரவலாயிற்று. வசதிதான், ஐயமில்லை. ஆனால் திறப்பதும் மூடுவதும் ஒரே உருவம். நடுவில் வந்து பார்ப்பவருக்கு எது திறப்பு, எது மூடல் என்று எப்படித் தெரியும்?

எடிட்டரின் இடர் இங்கேதான். நிறம் காட்டும் எடிட்டர்களில் பழையவற்றுள் ஒன்று, 1985-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக் கௌலிஷா ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிப் பணிக்காக உருவாக்கிய லெக்ஸ். 1998-இல் விம் என்னும் எடிட்டரும் நிறம் காட்டத் தொடங்கியது. நீண்ட நிரலின் நடுவே தாவினால், விம் சில வரிகள் மட்டும் பின்னோக்கிப் பார்த்து ஊகிப்பதுண்டு. மூடும் குறியைத் திறக்கும் குறி என்று கொண்டால் உள்ளும் புறமும் தலைகீழாகிவிடும். முதல் வரியிலிருந்து படிக்கச் சொல்லும் கட்டளை அதற்கு உண்டு. அதை இட்டால் சரியாகும்.

2015-இல் வந்த விஷுவல் ஸ்டுடியோ கோட் வேறு வழியில் செல்கிறது. தோட்டத்துக் கிராணி ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுவார் அல்லவா? அதுபோல ஒவ்வொரு வரியின் முடிவிலும், 'சரம் இன்னும் திறந்திருக்கிறது' அல்லது 'மூடியாயிற்று' என்று குறித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்கிறது. ஒரு வரியில் கணக்குத் தவறினால் கீழேயுள்ள அத்தனையும் தவறும். சரத்துக்குள் வேறொரு மொழியின் கட்டளை இருந்தால், அதிலுள்ள ஒற்றைக் குறியைத் திறப்பு என்று எண்ணி அது ஏமாறுவதும் உண்டு. 2018-இல் ஆட்டம் என்னும் எடிட்டரில் வந்த ட்ரீ-சிட்டர், நிரலின் இலக்கண அமைப்பையே முழுதாகப் பகுத்தறிய முயன்றது.

நம் மாணவி முதலில் செய்யவேண்டியது எதையும் அழிக்காமல் நிரலை ஓட்டிப் பார்ப்பதே. ஓட்டும் கணினி நிறத்தைப் பார்ப்பதில்லை. அழைப்பு ஒழுங்காக அச்சானால் ஏமாந்தது எடிட்டர். மொழியின் பெயர் சரியாகத் தேர்ந்திருக்கிறதா என்று எடிட்டரின் அடிப்பட்டையில் பார்க்கலாம். ஓடாமல் பிழை என்று வந்தால், கணினி சுட்டும் வரியிலிருந்து மேல்நோக்கித் தேடவேண்டும். மூடாத குறி பெரும்பாலும் மேலேதான் இருக்கும். அழைப்பை அலைபேசியிலிருந்தோ கடிதம் எழுதும் மென்பொருளிலிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தால், இன்னொன்றும் பார்க்கவேண்டும். அவை சில வேளைகளில் நேர்க்குறியை அழகுக்காக வளைந்த குறியாக மாற்றிவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பைத்தானுக்கு வளைந்தது சரத்தைத் திறக்கவும் திறக்காது, மூடவும் மூடாது.