டப்ளின் துப்பாக்கி

வடபழனிப் படப்பிடிப்பு நிலையங்கள் பாளையக்காரனுக்கு வாளைத் தந்தன, நாமும் கைதட்டினோம். எதிரே நின்ற கும்பினிச் சிப்பாயின் கையிலிருந்த சக்கிமுக்கித் துப்பாக்கியை மறந்தோம்!

‘பிரௌன் பெஸ்’ எனும் அவ்வகைத் துப்பாக்கி, அடிமைப்பட்ட அயர்லாந்திலும் செய்யப்பட்டது. டப்ளின் கோட்டையில் உருவானவற்றின் விசைத்தகட்டில் அக்கோட்டையின் பெயரே பொறிக்கப்பட்டது. குழல்வாய் முக்கால் அங்குலம். கல் எஃகில் மோதிப் பொறி பறக்க, மருந்து பற்றும். தேர்ந்த வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். மருந்து மழையில் நனைந்தால்? வெறுந்தடிதான்!

செய்த நாட்டான் அதனை ஏந்த முடிந்ததா? கத்தோலிக்கர் படைக்கலம் வைத்திருக்கலாகாது என்றது 1695-ஆம் ஆண்டுச் சட்டம். அந்நாட்டின் பெரும்பான்மையினரே அவர்கள்தாம்! மதத்தைக் காட்டி மண்ணின் மைந்தன் கையைக் கட்டினர். 1793-இல் கட்டுத் தளர்ந்தது; அதுவும் சொத்துடையோருக்கு மட்டும்.

இங்கே? 1801 அக்டோபர் 24-இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் முதல் நாள், பாளையத்தார் படைக்கலம் ஏந்துவதைத் தடுத்து அறிக்கை விடுத்தார் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ்.

அவருக்கும் மேலிருந்த தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி, அயர்லாந்தில் பிறந்தவர்! ஆனால், ஆயுதம் பறிக்கப்பட்ட உழவர் குடியில் அல்ல. பறித்த சீமான்களின் குடியில்.